அதே ஆட்கள், அதே சங்கம்

ஆலையோ ஐ.டி. அலுவலகமோ, மனிதவளம் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் தேசக் குணங்களின் பட்டியல் வந்துவிடுகிறது. ஜப்பானியர்கள் கம்பெனியைக் குடும்பமாக நினைப்பவர்கள். கொரியர்கள் மேலிடத்துக்கு மறுபேச்சு பேசாதவர்கள். அமெரிக்கர்கள் தங்கள் காரியத்தில் கண்ணாக இருப்பவர்கள். நம் ஆட்களோ, யாராவது தலைமாட்டில் நின்று விரட்டினால்தான் வேலை பார்ப்பவர்கள். இங்கே ஏன் குழு உணர்வு வரவில்லை என்று கேட்டால், "நம்ம கல்ச்சர் அப்படி சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் தன் குழுவைத் 'தன்னுடையது' என்று நினைப்பதற்கும் நினைக்காமல் போவதற்கும் அவர் பிறந்த நாடு சொற்பமான காரணம். நிர்வாகம் அவருக்கு என்ன வாக்குக் கொடுத்தது, இக்கட்டு வந்தபோது அதைக் காப்பாற்றியதா என்பதுதான் பெரிய காரணம். பண்பாட்டுக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. வேலை உண்டு, அது என்ன என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தத் தேசக் குணப் பேச்சுக்கு ஆய்வுலகில் அந்தஸ்து வாங்கித் தந்தவர் நெதர்லாந்தின் கீர்ட் ஹாஃப்ஸ்டீட். ஐ.பி.எம். நிறுவனம் 1967 முதல் 1973 வரை பல நாட்டுக் கிளைகளில் தன் ஊழியர்களிடம் வாங்கிய ஏறத்தாழ 1,16,000 கேள்வித்தாள்களை வைத்து 1980இல் அவர் ஒரு பெரிய நூல் எழுதினார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளி, தனிமனிதப் போக்கு என்று நாடு வாரியாக மதிப்பெண் போட்டார். எம்.பி.ஏ. வகுப்புகளில் இன்றும் அந்த அட்டவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அதையே எடுத்துப் பாருங்கள். தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91, இந்தியாவுக்கு 48, ஜப்பானுக்கு 46. இந்தியாவும் ஜப்பானும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கின்றன! 'அவர்கள் கூட்டமாகச் சிந்திப்பவர்கள், நாம் தனித்தனி' என்ற பேச்சுக்கு அதன் மூல நூலிலேயே ஆதாரம் இல்லை. பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் எழுதிய விமர்சனம் இன்னும் அடிமட்டத்துக்குப் போனது. பாகிஸ்தானில் முதல் சுற்றில் பதில் தந்தவர்கள் வெறும் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நூற்றுச் சொச்சம் பேரை வைத்து ஒரு நாட்டின் மனதை அளந்துவிட முடியுமா என்பது நியாயமான கேள்விதான்.

அளவீட்டை விடுவோம், வரலாறு இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1915இல் ஜப்பானியத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்த ஓர் ஆஸ்திரேலிய ஆலோசகர், அங்குள்ள தொழிலாளர்கள் நேரத்தைப் பொருட்படுத்தாத சோம்பேறிகள் என்ற எண்ணத்தோடு திரும்பினார். இதைப் பொருளாதார அறிஞர் ஹா-ஜூன் சாங் தன் நூலில் எடுத்துக் காட்டுகிறார். ஜப்பானியத் தொழிலுறவுகளின் வரலாற்றை எழுதிய ஆண்ட்ரூ கார்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைத்திறன் உள்ள தொழிலாளர்கள் கூலி கூடக் கிடைக்கும் இடத்துக்கு ஆலை விட்டு ஆலை தாவிக்கொண்டே இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். டொயோட்டாவிலேயே 1950இல் பணமுடையால் ஆட்குறைப்பு வந்தது. பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். கம்பெனியை உருவாக்கிய கீச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை விட்டார். 1953இல் நிஸ்ஸானில் இன்னும் கசப்பான மோதல் நடந்தது. பெரிய கம்பெனிகளில் ஒருமுறை சேர்ந்தால் ஓய்வு வரை வேலை, வயதுக்கேற்ற சம்பளம், பதிலுக்குத் தொழிலாளியின் முழு ஒத்துழைப்பு என்ற ஏற்பாடு இப்படிப்பட்ட மோதல்களுக்குப் பிறகு மெல்ல மெல்ல உருவானது. இரு தரப்பும் அடிபட்டுப் பேசி முடித்த உடன்பாடு அது. அடுத்த தலைமுறை அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்ததால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய குணம் போலத் தெரிகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தால் எப்படி இருக்கும்? அதே ஆட்கள், அதே ஊர், அதே கட்டடம். நிர்வாக விதிகளை மட்டும் மாற்ற வேண்டும். வரலாறு அப்படி ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. 1982இல் அதை மூடினார்கள். ஜி.எம். ஆலைகளிலேயே மோசமானது என்று பெயர் எடுத்த இடம். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் வேலைக்கு வராமல் இருப்பது அங்கே வழக்கம். ஷிப்ட் நேரத்தில் குடி. தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. கார்க் கதவின் உள்ளே வேண்டுமென்றே கண்ணாடி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவோம், வாங்கியவர் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். தான் செய்யும் பொருளின் மீதே ஒருவருக்கு இவ்வளவு கோபம் இருந்தால், அந்த இடம் அவரை எப்படி நடத்தியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். அன்றைக்குப் பலர் அப்படி யோசிக்கவில்லை. அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒழுக்கம் போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள்.

1983இல் ஜி.எம்.மும் டொயோட்டாவும் கைகோத்து அந்த ஆலையைத் திறக்க ஒப்பந்தம் போட்டன. புதிய கம்பெனிக்கு நியூமி என்று பெயர். 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஃப்ரீமாண்ட் ஆட்கள். சங்கமும் வாகனத் தொழிலாளர்களின் அதே யு.ஏ.டபிள்யூ. சங்கம். நானூறுக்கும் மேற்பட்ட குழுத் தலைவர்களையும் பிரிவுத் தலைவர்களையும் ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் தக்கவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய ஆலையில் எண்பதுக்கும் மேல் இருந்த வேலைப் பிரிவுகளை, உற்பத்திக்கு ஒன்று, தொழில்நுட்ப வேலைக்கு மூன்று என்று சுருக்கினார்கள். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்கள் அமைந்தன. குழுவின் தலைவரும் சங்க உறுப்பினராகவே இருப்பார். அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை இல்லை, கார் நிறுத்தத் தனி இடமும் இல்லை. ஒவ்வொரு வேலையையும் எத்தனை நொடியில், எந்த வரிசையில் செய்வது என்று வகுக்கும் பொறுப்பு, கையில் கடிகாரத்தோடு நிற்கும் பொறியாளரிடமிருந்து குழுவின் கைக்கு வந்தது. நியூமியை ஆராய்ந்து 1993இல் எழுதிய பால் ஆட்லர் அழுத்திச் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஒரு கயிறு. பழைய ஆலையில் என்ன நடந்தாலும் லைனை நிறுத்தக் கூடாது. போல்ட் தவறாக ஏறியிருந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும்; கடைசியில் யாராவது பிரித்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்பது எழுதாத சட்டம். நியூமியில் ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் ஒரு கயிறு ஓடியது. வேலையில் சிக்கல் என்றால் இழுக்கலாம். இழுத்ததும் மேலே பலகையில் அந்த இடத்தின் எண் ஒளிரும், ஒரு மெட்டு ஒலிக்கும். குழுத் தலைவர் ஓடிவந்து, "என்ன ஆச்சு, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுக் கைகொடுப்பார். ஒரு காருக்கான ஒரு நிமிடம் போன்ற வேலைச் சுற்றுக்குள் சரியாகிவிட்டால் மறுபடி இழுத்துவிடுவார்கள், லைன் ஓடும், ஆகாவிட்டால் நிற்கும். ஒரு கார் ஆலையில் லைன் நிற்பதென்றால் எவ்வளவு பணம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த முடிவைக் கடைநிலைத் தொழிலாளியின் கையில் கொடுத்தது நிர்வாகம். ஜப்பான் டொயோட்டாவில் வேலை பார்த்து நியூமிக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தவர்களில் ஒருவரான ஜான் ஷூக் 2010இல் எழுதிய கட்டுரையில், ஆட்களின் மனதை மாற்றி அதன் வழியே நடத்தையை மாற்ற அங்கே யாரும் முயலவில்லை, செய்யும் முறையை மாற்றியதில் மனம் பின்னால் மாறியது என்கிறார். சரியான கணிப்பு. அதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். கயிற்றை இழுப்பதால் தன் வேலை போகாது என்ற உறுதி இருந்ததால்தான் ஆட்கள் அதை இழுத்தார்கள்.

அந்த உறுதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கம்பெனியின் நீண்டகால இருப்புக்கே ஆபத்து என்ற நிலை வராதவரை ஆட்குறைப்பு இல்லை. அப்படி வந்தாலும் முதலில் நிர்வாகிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவர வேண்டும். 1988இல் இதற்குச் சோதனை வந்தது. ஆலையில் தயாரான செவ்ரோலே நோவா கார் சரியாக விற்கவில்லை. திறனில் அறுபது சதவீதம்கூட ஓடவில்லை. வேறு எந்த ஜி.எம். ஆலையாக இருந்தாலும் அடுத்த வாரமே லே-ஆஃப் சீட்டு வந்திருக்கும். நியூமியில் யாரையும் அனுப்பவில்லை. உபரியாக இருந்தவர்களைப் பயிற்சிக்கும் ஆலையைச் சீர்படுத்தும் வேலைகளுக்கும் மாற்றினார்கள். குழு உணர்வு உறுதிப்பட்டது அந்த ஆண்டில்தான் என்று நான் நினைக்கிறேன். புதிய முறை பலன் தந்ததற்கு எண்களும் சான்று. வேலைக்கு வராதோர் விகிதம் மூன்று, நான்கு சதவீதத்துக்கு இறங்கியது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1980களின் நடுவில் ஒப்பிட்டபோது, ஒரு காரைக் கோக்க ஜி.எம்.மின் ஃபிரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம் ஆனது, தக்கவோகாவுக்கு 16, நியூமிக்கு 19. நூறு கார்களுக்கு ஃபிரேமிங்ஹாமில் 135 குறைகள். தக்கவோகாவிலும் நியூமியிலும் ஒரே எண்: 45.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. இரண்டு வருடம் வேலையில்லாமல் கிடந்தவர்கள் அவர்கள். பசி வந்தால் யாரும் ஒழுங்காகத்தானே இருப்பார்கள், இதில் விதிகளுக்கு என்ன பெருமை? பயம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பயம் மட்டுமே போதுமென்றால் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸில் இருந்த ஜி.எம். ஆலையிலும் இதே அதிசயம் நடந்திருக்க வேண்டும். எப்போது மூடுவார்களோ என்று அந்த ஆலையும் ஊரும் ஆண்டுக்கணக்கில் அஞ்சிக்கொண்டிருந்தன. மூடக் கூடாது என்று இயக்கமே நடந்தது. 1987இல் அங்கேயும் 'டீம்' முறையைக் கொண்டுவந்தார்கள். சங்கம் இரண்டாகப் பிளந்தது, சந்தேகம் கூடியது, தரம் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 1992இல் ஆலையை மூடியே விட்டார்கள். குழு என்ற வடிவம் வந்தது. வேலைக்கு உத்தரவாதமும் நிர்வாகத்தின் நடத்தை மாற்றமும் கூட வரவில்லை. பயத்தால் ஆட்களை வேலைக்கு வரவழைக்கலாம். லைனை நிறுத்தித் தன் தவறைத் தானே காட்டும் துணிச்சலைப் பயத்தால் வரவழைக்க முடியாது.

இன்னொரு எதிர்வாதத்தை நான் கூடுதல் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தொழிலாளர் பக்கத்திலிருந்து வருகிறது. மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988இல் எழுதிய நூலில், இந்தக் குழு முறையே நெருக்குதலால் ஆளும் ஒரு தந்திரம் என்றார்கள். மாற்று ஆள் வைக்காததால் ஒருவர் வராவிட்டால் அவர் வேலை மற்ற ஐந்து பேர் தலையில் விழும். சூப்பர்வைசர் திட்ட வேண்டிய இடத்தில் சக தொழிலாளியே முறைப்பார். இது உண்மை. நியூமியிலேயே நிர்வாகத்தோடு இணங்கிப்போன அணிக்கு எதிராகச் சங்கத்துக்குள் ஓர் அணி இருந்தது, தேர்தல்களில் வலுவாக நின்றது. 1993 மாடல் காருக்கு லைனை மாற்றியபோது கை, தோள் வலிகளும் காயங்களும் கூடி, கலிபோர்னியாவின் தொழில் பாதுகாப்புத் துறை தலையிட வேண்டியிருந்தது. ஆனால் இந்த விமர்சனம் என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. குழு என்பது தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே நடக்கும் பேரம். பேரத்தில் தொழிலாளிக்குச் சொந்தக் குரல் இல்லையென்றால் 'நாம்' என்ற சொல் அவரைக் கூடுதலாக உழைக்க வைக்கும் கருவியாகிவிடும். நியூமியில் சங்கம் இருந்ததால் குறை வெளியே வந்தது, திருத்தமும் நடந்தது.

டொயோட்டா என்ற பெயரே மந்திரம் என்றால் பெங்களூரு அருகே பிடதியில் 2020 நவம்பரில் நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? அதே கம்பெனி, அதே உற்பத்தி முறை. வேலைப்பளுவைப் பற்றிய தகராறில் சங்க நிர்வாகி ஒருவரைத் தற்காலிக நீக்கம் செய்ய, உள்ளிருப்புப் போராட்டம் தொடங்க, நிர்வாகம் கதவடைக்க, மாதக்கணக்கில் இழுத்தது. மானேசரில் மாருதி சுஸுகி ஆலை 2012இல் உயிர்ப்பலி வரை போனது. அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் என்று 1980களிலேயே இந்தியாவுக்கு முன்மாதிரி காட்டிய கம்பெனி மாருதி. அதன் மானேசர் லைனில், பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்த நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சம்பளம் ஒன்றில்லை. சட்டையின் நிறம் ஒன்றாக இருப்பதால் அந்த வேறுபாடு மறைந்துவிடாது. சொல்லப்போனால் இன்னும் கண்ணை உறுத்தும். ஐ.டி. துறையிலும் இதே விதிதான் வேறு உருவில் வருகிறது. டீமில் பத்துப் பேர் எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் இருவரைக் கடைசித் தட்டில் வைத்தே ஆக வேண்டும் என்ற அப்ரைசல் முறை இருக்கும்வரை, யாரும் தன்னைவிடத் திறமையான ஆள் பக்கத்தில் வருவதை விரும்ப மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் இதைப் பல வருடம் அனுபவித்துவிட்டு 2013 நவம்பரில் கைவிட்டது. அங்கே இருந்தவர்களுக்குப் பொறாமை பிறவிக்குணமா என்ன?

அப்படியானால் பண்பாட்டின் இடம் எது? விதி ஒன்றை வைத்தால் அது எப்படிக் காதில் விழும் என்பதைப் பண்பாடு முடிவு செய்கிறது. சென்னை அருகே ஒரகடத்தில் ஓர் ஆலையில் அதே கயிற்றைத் தொங்கவிட்டால், சூப்பர்வைசரை 'சார்' என்று கூப்பிட்டு எழுந்து நின்றே பழகிய ஐ.டி.ஐ. பையன் அதை இழுக்க மாட்டான். இழுத்தால் பெரியவர் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும். முதல் சில தடவை இழுக்கும்போது அந்த சார் முகம் சுளிக்கிறாரா, "நல்ல வேலை செஞ்சப்பா" என்கிறாரா என்பதில் மொத்தமும் அடங்கியிருக்கிறது. அதனால் இங்கே பயிற்சி முதலில் சூப்பர்வைசருக்குத்தான் வேண்டும், தொழிலாளிக்கு அடுத்துதான். கூடவே, நம் ஊரில் குழுக்கள் ஆலைக்கு வருமுன்பே உருவாகிவிடுகின்றன: ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே ஐ.டி.ஐ. பேட்ச், கம்பெனி பஸ்ஸில் ஒரே ரூட். இதில் சாதி செய்யும் கேட்டை மூடி மறைக்கக் கூடாது; யாரை யார் வேலைக்குச் சேர்த்துவிட்டார் என்ற சங்கிலியில் அது லைன் வரை வந்துவிடும். ஆனால் ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கமும் அதே பாதைகளில் வருகிறது என்பதை மனிதவளத் துறை கவனிப்பதே இல்லை.

2021 டிசம்பரில் மின்னணுப் பொருள் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது நினைவிருக்கும். விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் மற்றவர்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், சங்கம் இல்லாதவர்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். அடக்கமானவர்கள், குரல் எழுப்ப மாட்டார்கள் என்று நம் பண்பாட்டைக் காட்டித்தானே இத்தகைய வேலைகளுக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவர்களிடம் குழு உணர்வு குறையில்லாமல் இருந்தது. ஒரே அறையில் படுத்து, ஒரே சோற்றைத் தின்ற இடத்தில் அது வளர்ந்திருந்தது.

கடைசியாக, சங்கம் வந்தால் கம்பெனி உணர்வு போய்விடும் என்ற பயத்தைப் பற்றி. சாம்சங்கை நிறுவியவர் காலத்திலிருந்தே சங்கம் கூடாது என்பது அந்தக் குழுமத்தின் கொள்கையாக இருந்தது. கொரியாவில் சங்கத்தை ஒடுக்கியதற்காக அதன் உயரதிகாரிகள் 2019இல் தண்டிக்கப்பட்டார்கள். 2020 மே மாதம் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் துணைத் தலைவர் லீ ஜே-யோங் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு அந்தக் கொள்கையைக் கைவிடுவதாகச் சொன்னார். 2024 ஜூலையில், ஹாஃப்ஸ்டீட் கணக்கில் தனிமனிதப் போக்கு வெறும் 18 என்ற கொரியாவில், சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் ஊழியர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 37 நாள் நீடித்தது. சம்பளக் கோரிக்கையும் இருந்தது, ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். இரண்டு நாட்டுப் பண்பாடு, ஒரே முதலாளி, ஒரே வருடம், இரண்டு இடத்திலும் வேலைநிறுத்தம்.

அந்தப் போராட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் என்னை மிகவும் பாதித்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகப் பெயர் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. தொழிலாளர்கள் பெயரை மாற்றிக்கொண்டு பதிவை எளிதாக்கியிருக்கலாம். மாற்றவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்ற பெயரிலேயே பதிவானது. கம்பெனியை வெறுப்பவர்கள் அதன் பெயரைத் தங்கள் பெயரில் சேர்த்துக்கொள்ள இவ்வளவு பாடுபட மாட்டார்கள். தாங்கள் யார் என்று கேட்டால் அவர்கள் சொல்ல விரும்பிய பதிலின் முதல் சொல் அந்தக் கம்பெனிதான். எந்த மனிதவளத் துறையும் பணம் செலவழித்து உண்டாக்க விரும்பும் உணர்வு அது. அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றபோது, நிர்வாகம் வழக்கறிஞர்களை அனுப்பியது.